மேலே பிடிக்க ஓர் ஆள்

எனக்குப் பொறாமை என்று யாராவது முகத்துக்கு நேராகச் சொன்னால் சும்மா விடமாட்டேன். ஆனால் பொறாமைதான். தமிழ்செல்வி தெருமுனையில் ஸ்கூட்டியைத் திருப்புகிற சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். அவள் உள்ளே வந்து "இன்னாக்கா, நல்லா கீறியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் சாம்பலாகியிருப்பேன்.

அவள் என் வீட்டுக்காரருக்கு அத்தை மகள். முறைப்பெண். பாவாடை கட்டத் தெரியாத வயசிலேயே குணாவுக்குத்தான் என்று பேசி வைத்த பெண். வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்த பிறகு, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் எளாவூரில் வந்து என்னைப் பெண் கேட்டார்கள். இதை எனக்குச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மாமியார் சின்னப்பொண்ணுதான். தாலியில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை, நான் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தமிழு மட்டும் ஒத்துக்கினு இருந்தா நான் எதுக்கு எளாவூர் வரிக்கும் அலையப்போறேன்" என்றாள் மகராசி. சொல்லிவிட்டு, உப்பு பார்த்துப் போடு என்றும் சொன்னாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த நோய். அவள் வேண்டாமென்று எழுந்துபோன இலையில் நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். என் புருஷன் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பாதித்ததைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். எல்லாம் சரி. ஆனால் அவர் மனசில் முதலில் உட்கார்ந்தவள் யார்? அவளா, நானா? மகள் தேவதர்ஷினி பிறந்து ஆறாவது படிக்கிறாள், இன்னும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அவரிடம் நேராகக் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டு, அவர் ஒரு நொடி யோசித்துவிட்டால்?

எங்களுக்குக் கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது. அதைவிடச் சோறு போடுவது வாசலில் நிற்கும் பழைய பிக்கப்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. மழை பிடித்துவிட்டால் இவர் போன் ஓயாது. கழனியில் புதைந்த டிராக்டர், அறுப்பு மெஷின், சிப்காட் பின்பக்கம் மண் ரோட்டில் சாய்ந்துபோன லோடு வண்டி, பழவேற்காட்டில் அலை பார்க்க வந்து மணலில் காரை இறக்கிவிட்டு முழிக்கிற பட்டணத்துக்காரன், எல்லாருக்கும் குணாதான். சங்கிலியை மாட்டுவார், கியரைப் போடுவார், வண்டி உறுமும், எதிர் வண்டி வெளியே வந்துவிடும்.

இவ்வளவு செய்கிற மனுஷன் சாமான்களை எதில் வைத்திருந்தார் தெரியுமா? உரக் கோணியில். ஜாக்கி, சங்கிலி, ஸ்பேனர் எல்லாம் பின்னால் தொட்டியில் உருண்டுகொண்டே போகும். போன மாதம் எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது பின் கதவு திறந்து கோணி விழுந்திருக்கிறது. திரும்பிப் போய்ப் பார்ப்பதற்குள் பாதி சாமான் மாயம். அன்றைக்கு வந்து, "சுமா, ஒரு டூல்ஸ் பொட்டி வச்சே ஆவணும்" என்றார்.

போனில் தேடினார். அலுமினியப் பெட்டி, பூட்டு, மூடி தானாக மெதுவாக எழும்புகிறது, வெள்ளைக்காரன் ஒருவன் அதன் மேல் ஏறி நின்று சிரிக்கிறான். விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மறுநாள் கும்மிடிப்பூண்டியில் தாவீது காயலான் கடைக்குப் போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். மூடிப்போன ஏதோ கம்பெனியில் சுவரில் மாட்டியிருந்த கரண்டு பேனல் பெட்டி. உள்ளே இருந்த ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, கூடு மட்டும். கனத்த தகரம், நல்ல கீல், கதவில் மண்டையோடு போட்டு 'அபாயம்' என்று எழுதியிருந்தது. படுக்கப் போட்டால் கதவு மூடியாகிவிடும். சல்லிசாக முடித்துவிட்டேன் என்று இவருக்கு ஒரே பெருமை.

"சரி, யாரு பொருத்துவாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"தமிழு வரட்டும். ஞாயித்துக்கெழம லீவுதான் அவளுக்கு."

தெருவுக்கு இரண்டு பட்டறை இருக்கிற ஊர் இது. தகரத்தில் நாலு ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்க ஆளில்லையா? ஆனால் தமிழ்செல்வி ஐ.டி.ஐ. படித்தவள், சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஃபிட்டர், அவளுக்குக் கீழே பத்துப் பையன்கள். கல்யாணம் வேண்டாமென்று சொன்னவள், அப்படியே வேலைக்குப் போனாள், அப்படியே நின்றுவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று சொந்தத்தில் பேர். நானும் அந்தப் பேரை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பேன்ட், மேலே அவள் அப்பாவின் பழைய சட்டை, காதில் ஒரு பொட்டுக் கம்மல். அவ்வளவுதான் அலங்காரம். நான்தான் காலையிலேயே தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு நின்றேன். பெட்டி பொருத்துவதற்கு யாராவது பூ வைத்துக்கொள்வார்களா? நான் வைத்துக்கொண்டேன்.

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தொட்டியின் முன் ஓரத்தில் என்றாள் அவள். வெயிட்டு நடுவில் இருக்கும், சேற்றுத் தண்ணி எட்டாது என்றாள். அவள் சொன்ன ஒரே காரணத்துக்காக எனக்குப் பிடிக்கவில்லை.

"கனமான சாமானு கன்னிமூலையிலதான் வைக்கணும். வாஸ்துன்னு ஒண்ணு கீதுல்ல? தோ, பின்பக்கம் அந்த மூல" என்று கை காட்டினேன்.

தமிழ்செல்வி என் கையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "வண்டி திரும்பினா கன்னிமூல இன்னா ஆவும்க்கா?"

இவர் வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். என் மாமியார் சிரித்த சிரிப்பில் புரையேறி, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர நானே உள்ளே ஓடவேண்டியிருந்தது. சமையலறையில் நின்று சொம்பைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன்.

வேலை ஆரம்பித்தது. அடியில் பிரேக் குழாய் எங்கே போகிறது, டீசல் டேங்க் எங்கே என்று குனிந்து பார்த்துக் கரியால் கோடு போட்டாள். பழைய டியூபை வெட்டிப் பெட்டிக்கு அடியில் மெத்தை மாதிரி வைத்தாள், தகரமும் தகரமும் உரசிச் சத்தம் போடாமல் இருக்க. ஓட்டை போட்டார்கள். போல்ட்டுத் தலை பெட்டிக்குள்ளே, நட்டு வண்டிக்கு அடியில். மேலே ஒருத்தர் போல்ட்டைச் சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், கீழே ஒருத்தர் நட்டைத் திருக வேண்டும். ஒரே ஆளால் ஆகிற காரியமில்லை. இவர் வண்டிக்கடியில் புகுந்தார்.

"மேல நான் புடிக்கிறேன்" என்றேன்.

அடியிலிருந்து குரல் வந்தது. "உனக்கு இன்னா தெரியும், கைய நசுக்கிக்குவ. தமிழு புடிப்பா."

தமிழு பிடித்தாள். "ம், திருகு மாமா." "புடிச்சிக்கினியா?" "புடிச்சிக்கினேன்." "உட்றாத." "உட்டா கேளு." இதுவே பேச்சு. வேறு ஒன்றுமில்லை. நடுவில் தகரம், அவர் கீழே, அவள் மேலே, முகம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்தர் திருகுவதும் ஒருத்தர் பிடிப்பதும் அப்படி ஒத்துப்போயிற்று. என்னோடு சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்கினால்கூட இவருக்கும் எனக்கும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

முடிந்ததும் சந்தனம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். வண்டிக்கு எது வந்தாலும் பொட்டு வைப்பது நான்தான். டயர் மாற்றினாலும் நான்தான். அந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற உரிமைகளில் அது ஒன்று. விரலைக் குங்குமத்தில் தொட்டேன்.

"தமிழு, நீயே வையேன்" என்றார் இவர்.

விரல் அப்படியே நின்றது.

"அக்கா வைக்கட்டும் மாமா" என்றாள் அவள்.

"அட வைம்மா. உன் கைராசி. நீ அன்னிக்கி வெல்டு வச்ச கொக்கி இன்னிவரிக்கும் அசையல. மொத ஸ்பேனரும் நீயே உள்ள வை."

"ஆமா, தமிழு கை ராசியான கை" என்று என் மாமியாரும் எடுத்துக்கொடுத்தாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே பிறந்தவள்.

தமிழ்செல்வி என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் மூடிக்கு நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அந்த மண்டையோட்டின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பேனரை உள்ளே வைத்தாள். அது வரைக்கும் தட்டை ஏந்திக்கொண்டு நின்றவள் நான். தட்டுக்கு ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான் என் மரியாதை.

போகும்போது, "ரெண்டு நாளு வண்டி ஓடினப்பறம் ஒரு தபா நட்டை இறுக்கணும். நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வா, வா, குடியே வந்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பொதட்டூர்பேட்டையில் இவருடைய கூட்டாளி வீட்டுக் கிரகப்பிரவேசம். இவரும் மாமியாரும் யாரோ சொந்தக்காரர் காரில் கிளம்பினார்கள். தேவதர்ஷினிக்குப் பரீட்சை என்று நான் நின்றுவிட்டேன். அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தால் பிக்கப் நிற்கிறது. பெட்டி நிற்கிறது. மண்டையோடு அவள் வைத்த பொட்டோடு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது.

முதலில் அந்தப் பொட்டை அழிக்கலாம் என்றுதான் போனேன். முந்தானையைச் சுருட்டி மூடிமேல் வைத்த பிறகு கை வரவில்லை. வைத்த குங்குமத்தை அழிப்பது சுமங்கலி செய்கிற காரியமா? அவர் உயிரோடு விளையாடுகிற வண்டி அது. யோசித்தேன். பொட்டை அழிக்கத்தானே கூடாது, பெட்டியையே கழற்றிவிட்டால் என்ன? தாவீது கடையில் திருப்பிப் போட்டுவிட்டு, இன்னொரு பெட்டி வாங்கி, வேறு ஆளை வைத்துப் பொருத்தி, என் கையால் பொட்டு வைப்பது. கோபத்தில் எனக்கு இது ரொம்ப சாஸ்திரோக்தமாகப் பட்டது.

பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். அவள் வைத்த அதே ஸ்பேனர். வண்டிக்கடியில் பழைய சாக்கை விரித்து, புடவையைச் செருகிக்கொண்டு மல்லாந்து புகுந்தேன். ஒரே டீசல் நாற்றம், மேலே காய்ந்த சேறு, எங்கே தொட்டாலும் கிரீஸ். நட்டைக் கண்டுபிடித்து மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். சுலபமாகச் சுற்றிற்று. ஆஹா, இதற்கா இவ்வளவு பெரிய படிப்பு என்று நினைத்தேன். சுற்றினேன், சுற்றினேன், கை வலித்தது, நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே போல்ட்டும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கிறது.

வெளியே வந்து, தொட்டிக்குள் ஏறி, போல்ட்டில் எதையாவது மாட்டி அணைகொடுக்கலாம் என்று பார்த்தேன். அந்த அளவில் இன்னொரு ஸ்பேனர் இல்லை, அது எளாவூர் கோணியோடு போயிற்று. ஒரு குறட்டை மாட்டிக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி அடியில் போய்த் திருகினால், குறடு தடாலென்று விழுந்த சத்தம்தான் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டின புருஷன் வண்டியில் ஒரு நட்டைக் கழற்ற எனக்கு நாதியில்லை. "சனியனே, கழலேன்" என்று நட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டு மறுபடியும் திருகினேன்.

அப்போது வண்டி லேசாக ஆடியது. தொட்டிக்குள் யாரோ ஏறுகிறார்கள். சுற்றிக்கொண்டிருந்த போல்ட்டு டக்கென்று நின்றது. நட்டு இறங்க ஆரம்பித்தது.

"யாரு?" என்றேன்.

"நான்தான்க்கா. திருகு, புடிச்சிக்கினேன்."

தமிழ்செல்வி. நட்டை இறுக்க வருகிறேன் என்றாளே, லீவு மாற்றிக்கொண்டு, தன் ஸ்பேனரோடு வந்திருக்கிறாள். ஸ்கூட்டி சத்தம்கூட என் கத்தலில் கேட்கவில்லை. எனக்கு அங்கேயே வண்டிக்கடியில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. வெளியே வரவும் வெட்கம், பேசவும் வெட்கம். வேறு வழியில்லாமல் திருகினேன். நட்டு கழன்று என் மார்மேல் விழுந்தது. மேலே போல்ட்டை உருவி எடுத்து வைக்கிற சத்தம்.

"அடுத்தது உன் தலமாட்டுல கீது பாரு" என்றாள்.

அடுத்ததில் மாட்டினேன். அதுவும் இறங்கிற்று. ஏன் கழற்றுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்காததுதான் தாங்கவில்லை.

"இன்னாத்துக்குக் கழட்டறன்னு கேக்க மாட்டியா?"

"உன் வண்டி. உன் பொட்டி."

"ஆமா, என் பொட்டி! என் பொட்டின்னா எதுக்கு நீ பொட்டு வச்ச?" வாய் திறந்தாயிற்று, இனி மூடாது. "கைராசின்னா கைராசி. மேல யாரு புடிக்கிறதுன்னா தமிழு. எது எடுத்தாலும் தமிழு. நீ வேணாம்னு தள்ளி உட்டதுதான் எனக்கு வந்துச்சு, தெரியும் எனக்கு. அதுக்காவ நான் சாவற வரிக்கும் உன் எச்ச எலையில துன்னுக்கினே இருக்கணுமா?"

ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன், அழுகிறாளோ என்று. அழவில்லை, சிரித்தாள். தகரத்தின் வழியாக அந்தச் சிரிப்பு என்னவோ போல் கேட்டது.

"யாருக்கா சொன்னா நான் தள்ளி உட்டேன்னு?"

"ஊரே சொல்லுது. உங்க அத்தையே சொல்லுது."

"அத்தைக்கு இன்னா தெரியும். நீ மூணாவது நட்டைப் புடி, சொல்றேன்."

பிடித்தேன். அவள் சொன்னாள். வெற்றிலை மாற்றுவதற்கு முந்தின வாரம் இவர் அவளைப் பட்டறைப் பக்கம் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். எளாவூரில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், மனசு அங்கே போய்விட்டது என்று. நான் வேண்டாமென்றால் என் அம்மாவும் உன் அம்மாவும் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ள மாட்டார்கள், நீ சொன்னால் பொம்பளைப் பிள்ளை பிடிவாதம் என்று விட்டுவிடுவார்கள், நீயே வேண்டாமென்று சொல்லிவிடு என்று.

"அதான் சொன்னேன். எங்கம்மா தொடப்பக்கட்டையாலயே சாத்திச்சி" என்றாள். ஏதோ பஸ்ஸை விட்ட கதை போல.

"பொய்யி. அவரு என்னை மொதமொதல்ல பாத்ததே பொண்ணு பாக்க வந்தப்பதான்."

"உங்க நைனா செக்போஸ்ட்டாண்ட டிபன் கட வச்சினு இருந்தாரே. அங்கதான் மூணு மாசம் டெய்லி நாஷ்டா துன்னாரு. நீ உள்ள மாவு அரைச்சினு இருப்பியாமே."

எங்கள் நைனா தங்கமான மனுஷன், ஆனால் அவர் கடை இட்லியை எறிந்தால் நாய்க்கு மண்டை உடையும். வேறு கடை திறக்காத நேரத்தில் லாரிக்காரர்கள் விதியே என்று தின்பார்கள். ருசிக்காக ஒருவனும் வந்ததில்லை. அந்த இட்லியை ஒரு மனுஷன் தினமும் வந்து தின்றான் என்றால் அது எனக்காகத்தான். வேறு அத்தாட்சியே வேண்டாம்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அந்த அழுக்கில் மல்லாந்து கிடந்தபடியே என் முகம் தானாகச் சிரித்தது. நான்தான் முதல். நான்தான். இத்தனை வருஷமாகச் செரிக்காத சோறு அன்றைக்குச் செரித்தது. அதற்குப் பின்னாலேயே இவர் மேல் கோபம் வந்தது. தன் தலையில் விழவேண்டிய பழியைத் தூக்கி ஒரு பெண் தலையில் வைத்துவிட்டு, மாமா மாமா என்று கூப்பிட வைத்துக்கொண்டு, பெட்டி பொருத்தவும் கூப்பிடுகிறாரே, இது என்ன மனசு? வேண்டாமென்று சொன்னவள் என்ற பேர் வந்த பிறகு அவளை யார் பெண் கேட்டு வந்தார்கள்? திமிர் பிடித்தவள் என்று சொன்ன நாலு பேரில் நானும் ஒருத்தி.

மூன்றாவது நட்டும் கழன்றிருந்தது. கடைசி ஒன்றில் ஸ்பேனரை மாட்டினேன். மேலே அவள் பிடித்தாள். கெட்டியாக, அசையாமல்.

"ஏன் தமிழு ஒத்துக்கின?"

"மாமா கேட்டுச்சு. எப்பிடி முடியாதுன்றது?"

அவள் சொன்ன விதத்தில் எனக்கு என்னவோ உறைத்தது. கேட்கக் கூடாத கேள்விதான். முகம் தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். நடுவில் தகரம் இருந்ததால் கேட்டுவிட்டேன்.

"உனக்கு அவரு மேல ஆச இருந்திச்சா?"

நட்டு என் கையில் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மேலே போல்ட்டு விடுபட்டுவிட்டது. அவள் கை நழுவிவிட்டது.

நான் திருகுவதை நிறுத்தினேன். தெருவில் மோர்க்காரர் கூவிக்கொண்டு போனார். அப்புறம் ஸ்பேனர் மறுபடி போல்ட்டில் உட்கார்ந்தது. போல்ட்டு நின்றது.

"கையில கிரீஸுக்கா, வழுக்கிச்சு. புடிச்சிக்கினேன், திருகு" என்றாள்.

மேலே ஏது கிரீஸ்? கிரீஸ் எல்லாம் கீழே என் தலையில்தான் இருந்தது.

திருகினேன். கழற்றுகிற பக்கம் இல்லை, இறுக்குகிற பக்கம்.

"இன்னாக்கா, இறுக்கற?"

"ஆமா, இறுக்கறேன். நீ நல்லாப் புடி."

கழற்றின மூன்றையும் மறுபடி போட்டோம். "புடிச்சிக்கினியா?" என்று நான் கேட்டேன். "புடிச்சிக்கினேன்" என்று அவள் சொன்னாள். வெளியே வந்தபோது அவள் தொட்டியிலிருந்து இறங்கி நின்று, என்னைப் பார்த்து, "பூ வச்ச தலையில சேறுக்கா" என்று சொல்லித் தட்டிவிட்டாள். அவள் கண்ணை நான் பார்க்கவில்லை. அவளும் காட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். வேலை இருக்கிறது என்றாள். கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்து, நெய் ஊற்றிச் சோறு போட்டேன். வாழை இலையில், தலைவாழை இலையில் போட்டேன். அவள் குனிந்தபடியே சாப்பிட்டாள்.

சாயங்காலம் இவர் வந்தார். வந்ததும் வண்டியிடம் போய்ப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"பாத்தியா சுமா, ஒரு மயிரிழ அசையுதா? தமிழு வந்து இறுக்கிட்டுப் போச்சா?"

"நான்தான் கீழ பூந்து இறுக்கினேன்."

"நீயா? மேல யாரு புடிச்சா?"

"தமிழுதான்."

"ரெண்டு பேருமா!" என்று சிரித்தார். "சரிதான், கலி முத்திப்போச்சு."

"யோவ், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. எங்க நைனா கட இட்லி எப்பிடி இருக்கும்?"

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"சொல்லுய்யா."

"செங்கல்லு மாதிரி இருக்கும். பெரியவரு காதுல போட்றாத."

"அப்பறம் இன்னாத்துக்கு மூணு மாசம் டெய்லி வந்து துன்ன?"

சிரிப்பு நின்றுவிட்டது. காது வரைக்கும் சிவந்து, வண்டியைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சுகமாக இருந்தது. பதினைந்து வயசுப் பையன் மாதிரி முழித்தார்.

"தமிழு சொல்லிச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "வேற இன்னா சொன்னா?" என்றார்.

"வேற ஒண்ணும் சொல்லல" என்றேன்.

பொய்யில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கை ஒரே ஒரு தரம் நழுவியது, அவ்வளவுதான். அதை நான் இவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் இவர் ஒரு நிமிஷம் அவளை நினைத்து வருத்தப்படுவார். அந்த ஒரு நிமிஷத்தைக்கூட அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.